கென்யாவுக்கு ஊழியப் பயணம்: கொங்குப் பக்கத்திலிருந்து முதல் முறையாகப் போகிறவர்களுக்கு

எங்கள் சபையிலிருந்து ஆறு பேர், கோபிச்செட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கத்துக்காரர்கள், 2025 ஜூலையில் ஐந்து வாரம் கென்யாவுக்குப் போய்வந்தோம். மேற்குக் கென்யாவில் காக்கமேகா நகரத்துக்கு வெளியே ஒரு கிராமச் சபையில் தங்கினோம். ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியக் கூட்டம், வீடு சந்திப்பு ஆகியவை எங்கள் வேலை. போவதற்கு முன் நான்கு மாதம் அலைந்தோம். அதில் பாதி அலைச்சல், காகிதங்களை முன்பின்னாக வாங்கியதால் வந்தது. எங்களில் ஒருவர் குழுவோடு கிளம்ப முடியாமல் பத்து நாள் கழித்துத் தனியாக வந்தார். அடுத்துப் போகிற உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். குறைந்தது 100 நாள் முன்னதாகத் தொடங்குங்கள்.

1. முதல் வேலை: பெயர்

வேறு எதையும் தொடும் முன்பு பாஸ்போர்ட், ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம்மில் பலருக்குச் சபையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைத்தான் ஆயரும் சபையாரும் அறிவார்கள். அரசாங்கத்துக்கு அந்தப் பெயரே தெரியாது. என் விஷயத்தில் அதுதான் நடந்தது. எங்கள் சபையிலிருந்து கென்யாவுக்கு அனுப்பிய பட்டியலில் என் ஞானஸ்நானப் பெயர் இருந்தது. அழைப்புக் கடிதமும் அதே பெயரில் வந்தது. பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை. கடிதத்தைத் திருத்தி வாங்க மூன்று வாரம் போயிற்று.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுமையாக இருக்கும், டிக்கெட்டில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். பத்து நாள் தாமதமாக வந்த அண்ணனுக்கு இதுதான் சிக்கல். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் கவனித்தோம். அந்த டிக்கெட்டை ரத்துசெய்து புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. முகவரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். டிக்கெட் கைக்கு வந்த அன்றே சரிபாருங்கள்.

2. பாஸ்போர்ட்டும் காவல்துறைச் சான்றும்

நீங்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். புதிதாக எடுக்கிறவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டக்காரர்களுக்குக் கோவை மண்டல அலுவலகம்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆதாரில் சொந்த ஊர் முகவரி, குடியிருப்பது திருப்பூரில் வாடகை வீடு என்று இருக்கிறவர்கள் நம் பக்கம் ஏராளம். போலீஸ் விசாரணைக்கு வரும்போது கொடுத்த முகவரியில் ஆள் இல்லையென்றால் கோப்பு அப்படியே நின்றுவிடும். முகவரியை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

சிறுவர்களோடு ஊழியம் செய்யப் போகிறவர்களிடம் காவல்துறை நற்சான்று கேட்கும் சபைகள் உண்டு. எங்களிடம் கேட்டார்கள். கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். முன்பின் தெரியாத ஆட்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும் முன் அப்படித்தான் கேட்க வேண்டும். பாஸ்போர்ட் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். அரசு ஊழியராக இருந்தால் துறையின் அனுமதிக் கடிதத்துக்கு இப்போதே எழுதிவிடுங்கள். அது வரும் வேகம் நம் கையில் இல்லை.

3. அழைப்புக் கடிதம்

உங்களை வரவேற்கும் சபையின் கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், வரும் நாளும் போகும் நாளும், தங்கும் இடத்தின் முழு முகவரி, அங்கே பொறுப்பாளரின் தொலைபேசி எண், செலவு யாருடையது என்ற வாக்கியம். சபையின் பதிவுச் சான்றிதழ் நகலும் சேர்த்து வாங்குங்கள். இங்கே உங்கள் ஆயரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில்.

நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு எந்த அனுமதி தேவை என்பதை அந்தச் சபையே கென்யக் குடிவரவுத் துறையிடம் கேட்டு, எழுத்தில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நீண்ட காலம் தங்கி ஊழியம் செய்கிறவர்களுக்கு அங்கே தனி அனுமதி வகையே இருக்கிறது. "எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள்" என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விமான நிலையத்தில் நோக்கத்தைக் கேட்டால் கடிதத்தைக் காட்டி உள்ளதைச் சொல்லுங்கள். ஊழியத்துக்குப் போகும் வாயால் "சுற்றுலா" என்று பொய் சொல்லிவிட்டு, அங்கே போய் எதைப் பிரசங்கிக்க முடியும்?

கென்யாவில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை, வெளிப்படையாக ஊழியம் செய்யலாம். எல்லா நாடும் அப்படியில்லை. நேபாளத்தின் 2017ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் மதமாற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அங்கே போகும் குழுக்கள் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

4. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் மலேரியா மாத்திரையும்

இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்றைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதனால் "தேவையில்லை" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் திரும்பி வரும்போது கேட்பது இந்தியா. சான்று இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போட வேண்டும். நாங்கள் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் போட்டோம். கட்டணம் 300 ரூபாய். முன்பதிவு செய்து, ஊசி போடும் நாளைத் தெரிந்துகொண்டு போங்கள். சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஈரோட்டில் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் கிண்டி. அன்று இரவே திரும்பிவிடலாம். பாஸ்போர்ட் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும், சான்றில் அந்த எண்ணை எழுதுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது கடந்தவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மேற்குக் கென்யா மலேரியா உள்ள பகுதி. மருத்துவர் எழுதித் தரும் தடுப்பு மாத்திரையைப் போகும் முன்பே தொடங்கி, அங்கே இருக்கும் வரை தவறாமல் சாப்பிட்டு, திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். எங்களுக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளினைத் திரும்பி வந்து நான்கு வாரம் சாப்பிட்டோம். "ஊருக்குத்தான் வந்துவிட்டோமே" என்று நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

5. டிக்கெட், அதன்பின் இ.டி.ஏ.

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா இல்லை, இ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பயண விவரமும் தங்குமிட விவரமும் கேட்பார்கள் என்பதால் டிக்கெட் முதலில், அனுமதி பிறகு. கட்டணம் 30 டாலர், கார்டு கட்டணம் சேர்ந்து சற்றுக் கூடும். மூன்று நாளில் வரலாம் என்றாலும் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போடுங்கள். அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன, இரு மடங்கு வாங்கிவிடும். முகவரி ‘கோ.கே’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.

கோவையிலிருந்து ஷார்ஜா வழியாக நைரோபிக்கு ஒரே விமான நிறுவனத்தில் போகலாம். மும்பை வழியாகவும் போகலாம். எந்த வழியானாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் பெட்டி நைரோபிக்கு நேராகப் போகாது. ஷார்ஜாவில் வெளியே வந்து எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். என் டிக்கெட் போகவர 54,000 ரூபாய் ஆனது. மருத்துவக் காப்பீட்டை டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். கிராமத்தில் தங்குகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

நைரோபியிலிருந்து காக்கமேகாவுக்குப் பஸ்ஸில் எட்டு, ஒன்பது மணி நேரம். பகல் பஸ்ஸிலேயே போங்கள். கிசுமு நகரம் வரை உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் காரிலும் போகலாம்.

6. பெட்டி

பாலித்தீன் பை ஒன்றுகூட வேண்டாம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சட்டத்தில் 40 லட்சம் ஷில்லிங் (கென்ய நாணயம்) வரை அபராதமும் நான்கு ஆண்டு வரை சிறையும் இருக்கின்றன. நம் கை பழக்கப்பட்டது வேறு மாதிரி: செருப்பு ஒரு கவரில், ஈரத்துணி ஒரு கவரில், ஊறுகாய் இரண்டு கவரில். நைரோபி விமான நிலையத்தில் எங்கள் குழுவின் அக்கா ஒருவர் பெட்டியைத் திறந்து, சேலைகளைச் சுற்றியிருந்த கவர்களை ஒவ்வொன்றாக உருவி அதிகாரி முன் வைத்தார். பதினான்கு கவர்கள். அதிகாரி கடுமை காட்டவில்லை, எல்லாவற்றையும் தொட்டியில் போடச் சொன்னார். பின்னால் வரிசை காத்திருக்க, அந்த அக்காவின் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். மஞ்சப்பை, துணிப்பை, எவர்சில்வர் டப்பா, இவை போதும்.

பரிசுக்கென்று திருப்பூர் பனியன்களைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போகாதீர்கள். ஒரே மாதிரித் துணி அறுபது இருந்தால் அது வியாபாரச் சரக்கு என்றுதான் சுங்கத்தில் நினைப்பார்கள். முளைக்கக்கூடிய விதை, முழுப் பயறு, கொத்தமல்லி விதை வேண்டாம். அரைத்த தூளாக எடுங்கள். ராணுவச் சீருடை போன்ற புள்ளித்துணி ஆடை அங்கே பொதுமக்களுக்குத் தடை.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்தி மட்டும் எடுத்துப் போனவர்கள் இரவில் தவித்தோம். நைரோபி ஏறக்குறைய குன்னூர் உயரத்தில் இருக்கிறது, காக்கமேகா ஏற்காட்டு உயரத்தில். ஜூலை அங்கே குளிர்காலம். ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, சேறு தாங்கும் பூட்ஸ், டார்ச், மூன்று சதுர முளை உள்ள பிளக்குக்கான அடாப்டர், கொசுவலை. பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையோ சுடிதாரோ. ஞாயிறு ஆராதனைக்கு ஒரு சேலை எடுத்துப் போங்கள். சேலையைக் கண்டதும் அங்குள்ள தாய்மார் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், பேச்சு தானாகத் தொடங்கும். மாதவிடாய்க்கு வேண்டியதை முழுக் காலத்துக்கும் இங்கிருந்தே எடுங்கள்.

7. பணம்

அமெரிக்க டாலர் புது நோட்டாக இருக்கட்டும். பழைய வெளியீட்டு நோட்டையும் கிழிந்த நோட்டையும் அங்கே மாற்றித் தரமாட்டார்கள். இந்திய ரூபாய் 25,000 வரைதான் வெளியே எடுத்துப் போகலாம். நான் போனபோது ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் வாக்கில் இருந்தது.

இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கி, எம்-பெசா கணக்கும் திறந்துவிடுங்கள். 2007இல் தொடங்கிய அந்தக் கைப்பேசிப் பணம்தான் அங்கே காய்கறிக் கடை வரை ஓடுகிறது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஆன மொத்தச் செலவு ஏறக்குறைய 1,10,000 ரூபாய். டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய செலவு சாப்பாடுதான். தங்கிய வீட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 ஷில்லிங் என்று முன்பே பேசி முதல் நாளே கொடுத்தோம். "ஊழியக்காரரிடம் வாங்கமாட்டோம்" என்று மறுப்பார்கள். விடாதீர்கள். ஆறு பேருக்கு ஐந்து வாரம் சோறு போடுவது மக்காச்சோளம் விளைவிக்கும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்பது நம் விவசாய வீடுகளை நினைத்தாலே தெரியும்.

8. அங்கே ஒரு நாள்

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் காலை ஆறரை மணி வாக்கில் விடியும், மாலை ஏழுக்குள் இருட்டிவிடும். அந்தி என்று நீண்ட பொழுது கிடையாது. ஆறரைக்குள் வீடு திரும்புங்கள்.

காலை ஐந்தரைக்கு எழுந்து ஜெபம். கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த மழைநீர்தான் குளிக்க. ஆளுக்கு ஒரு வாளி. முதல் நாள் எங்களில் ஒருவர் மூன்று வாளி ஊற்றிக்கொண்டார். மறுநாள் விடியும் முன் அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஓடைக்கு நடந்து தண்ணீர் சுமந்து வந்ததைப் பார்த்த பிறகு யாரும் இரண்டாவது வாளி கேட்கவில்லை. குடிக்கக் கொதிக்க வைத்த நீர் மட்டுமே.

காலை உணவு பால் தேநீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சில நாள் மண்டாசி என்னும் பொரித்த பணியாரம். தேநீரை அவர்களும் ‘சாய்’ என்றும், சப்பாத்தியை ‘சபாத்தி’ என்றும்தான் சொல்கிறார்கள். மதியமும் இரவும் உகாலி. நம் களிதான் அது, ராகிக்குப் பதில் வெள்ளை மக்காச்சோள மாவு. மூன்று கல் அடுப்பில் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு அந்த அம்மா மரத்துடுப்பால் கிண்டியபோது, களி கிண்டும் என் அப்பத்தாவின் தோள்கள்தான் நினைவுக்கு வந்தன. தொட்டுக்கொள்ளக் கீரை, பீன்ஸ், நெத்திலியைப் போன்ற ஏரி மீன் கருவாடு. கையால்தான் சாப்பிடுகிறார்கள். அந்த விஷயத்தில் ஐரோப்பியரைவிட நமக்கு வசதி. உட்கார்ந்ததும் ஒரு பிள்ளை குவளையும் பேசினும் கொண்டுவந்து வெந்நீரை உங்கள் கையில் ஊற்றும். எழுந்து குழாயைத் தேடாதீர்கள், கையை நீட்டி வாங்குங்கள். விருந்தாளிக்குக் கோழி அடிப்பார்கள். அது அவர்களிடம் இருக்கும் இரண்டு மூன்று கோழிகளில் ஒன்றாக இருக்கலாம். வேண்டாம் என்று சொல்வது அவமதிப்பு, ஆகவே ஒரு வீட்டில் ஒரு முறைக்கு மேல் சாப்பாட்டு வேளையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் நீங்கள் சமையுங்கள். கிசுமுவில் இந்தியக் கடைகள் உண்டு. துவரம்பருப்பு வாங்கிவந்து அரிசிம்பருப்பு சாதம் செய்தோம். பானை அன்றே காலியானது.

வீடு சந்திப்பை முற்பகலிலேயே முடியுங்கள். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும், செம்மண் பாதை வழுக்கும். திருமணமான பெண்களை ‘மாமா’ என்று அழைப்பார்கள், அம்மா என்று பொருள். வயதான அம்மாவை மாமா என்று அழைக்க நம் நாக்கு முதலில் தயங்கும், இரண்டு நாளில் பழகிவிடும். ‘முலெம்பே’ என்று அந்தப் பகுதி மக்களின் லூயா மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு வாசலிலேயே நில்லுங்கள். ‘கரிபு’, அதாவது வாருங்கள், என்று சொன்ன பிறகு உள்ளே போங்கள். சபையில் எழுந்து பேசும் எவரும் ‘ப்வானா அசிஃபிவே’ என்றுதான் தொடங்குவார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அர்த்தம். மறுமொழி ‘ஆமென்’.

ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காணிக்கையாக வந்த கோழி, முட்டை, வாழைத்தாரை ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடுவார்கள். நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அது சொந்த ஊர் மாதிரியே இருக்கும். கலந்துகொள்ளுங்கள், ஆனால் டாலர் கையில் இருக்கிறது என்று விலையை ஏற்றி உள்ளூர்க்காரரை ஒதுங்க வைக்காதீர்கள்.

9. மணி சொல்லும்போது கவனம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் பொதுவான சுவாஹிலி மொழியில் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி என்றால் காலை 7. ‘சா தாத்து’, மூன்று மணி என்றால் காலை 9. சபை மூப்பர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசும்போதும் அந்தக் கணக்கிலேயே "நாளை மூன்று மணி" என்று சொன்னார். பெண்கள் கூட்டத்துக்கு நாங்கள் பிற்பகல் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காலை 9 மணியிலிருந்து நாற்பது தாய்மார் காத்திருந்தார்கள். சிலர் இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்கள். ஃபிளாஸ்கில் எங்களுக்காக வைத்திருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து பாடினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு நின்ற நேரம் எனக்கு இன்றும் வலிக்கிறது. மணி சொன்னால் "காலையா, மாலையா, சூரியன் எங்கே இருக்கும்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

10. மொழிபெயர்ப்பாளரோடு பேசுவது

20 நிமிடச் செய்தி அங்கே 40 நிமிடம் ஆகும். பாதியாகக் குறைத்துத் தயாரியுங்கள். வசனங்களின் பட்டியலை முந்தைய நாள் மாலையே மொழிபெயர்ப்பவரிடம் கொடுங்கள். அவர் சுவாஹிலி வேதாகமத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள், பாதியில் நிறுத்தினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நம் பழமொழிகள் அங்கே போய்ச் சேராது. மாடு, சோளம், கரும்பு, மழை பற்றிச் சொன்னால் உடனே சேரும். அதுவும் விவசாய பூமிதான்.

11. வாக்குக் கொடுக்காதீர்கள்

பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளையைப் பார்ப்பீர்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய் வரை வரும். சொல்லாதீர்கள். முந்தைய ஆண்டு வந்த யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்னும் காத்திருந்த ஒரு பையனை நாங்கள் பார்த்தோம். உதவி செய்வதென்றால் அங்குள்ள சபைக் குழுவின் வழியாக, கையில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்.

பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளையின் படம் நம் சபை வாட்ஸ்அப் குழுவில் காணிக்கை திரட்டப் பயன்படக்கூடாது. விமான நிலையம், போலீஸ், ராணுவக் கட்டடம் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

12. திரும்பும்போது

நம் ஊர்ச் சபைக்கு என்று அங்கே யாராவது பணம் கொடுத்தால், அன்பாக மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே, டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கின் வழியாகத்தான் அதைப் பெற முடியும். உறையில் போட்டுக் கையில் கொண்டுவருவது உங்கள் ஆயரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

மஞ்சள் காய்ச்சல் சான்றைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையில் வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வந்த பிறகு சில மாதங்களுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், "ஆப்பிரிக்கா போய்வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எங்களில் ஒருவருக்கு வந்து பதினெட்டாம் நாள் குளிர் ஜுரம் கண்டது. அப்படிச் சொன்னதால் அன்று மாலையே நோய் தெரிந்து, மருந்தும் தொடங்கிவிட்டது.